சுற்றுச்சூழல் பட்டப்படிப்பு: மூன்றாண்டுப் படிப்பும் ஐந்தாண்டுக் கணக்கும்

டோம்பிவிலியில் வளரும் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் என்பது பாடநூலில் மட்டும் காணும் சொல் அன்று. 2014 ஜனவரியில் பச்சை நிறத்தில் மழை பெய்தது என்று ஊர் முழுவதும் பேசப்பட்டது. 2020 பிப்ரவரியில் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டைச் சாலை ஒன்று இளஞ்சிவப்பாக மாறிய படங்கள் நாளேடுகளில் வெளிவந்தன. 2016 மே 26 அன்றும் 2024 மே 23 அன்றும் அங்குள்ள இரசாயன ஆலைகளில் வெடிவிபத்துகள் நேர்ந்தன. ஒவ்வொன்றிலும் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுற்றுவட்டாரத்து வீடுகளின் சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. இவற்றைக் கண்டு வளர்ந்த மகனோ மகளோ பன்னிரண்டாம் வகுப்பை முடித்தபின், "சுற்றுச்சூழல் படிக்க விரும்புகிறேன்" என்று கூறினால் அதில் வியப்பில்லை.

ஆனால் அந்த விருப்பத்தைக் கேட்ட பெற்றோருக்கு உடனே சில ஐயங்கள் எழுகின்றன. இப்படிப்புக்கு வேலை உண்டா? எத்தனை ஆண்டுகள் படிக்கவேண்டும்? இதற்காகக் கடன் வாங்கலாமா? சேமிப்பையும் கடனையும் நம்பிப் பிள்ளையின் கல்வியைத் திட்டமிடும் குடும்பத்துக்கு இவை எளிய கேள்விகள் அல்ல. டோம்பிவிலியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கேள்விகளுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். நம் முடிவை முன்னதாகவே சொல்லிவிடலாம்: இது தகுதியான படிப்பு, எனினும் இதனை மூன்றாண்டுச் செலவாக எண்ணாமல் ஐந்தாண்டுச் செலவாக எண்ணித் தொடங்குவதே நலம்.

கட்டாயப் பாடம் வேறு, பட்டப்படிப்பு வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கலை, அறிவியல், வணிகவியல் என எதைப் படித்தாலும் நம் நாட்டுக் கல்லூரி மாணவர்கள் சுற்றுச்சூழல் பாடம் ஒன்றைப் படித்தே ஆகவேண்டும். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பே இதற்கு அடிப்படை. கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது. பின்னர் 2003ஆம் ஆண்டில் நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியதன் பேரில் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை மாணவர் அனைவருக்கும் ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. அதற்கான பாடநூலைப் புனேயைச் சேர்ந்த டாக்டர் ஈராச் பரூச்சா எழுதினார்.

இந்தப் பாடம் எல்லோருக்கும் பொதுவான அறிமுகம் மட்டுமே. இதில் உயர்ந்த மதிப்பெண் பெற்றதனால் ஒருவர் சுற்றுச்சூழல் வல்லுநர் ஆகிவிடுவதில்லை. நாம் இங்கே பேசுவது இத்துறையையே முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்கும் பட்டத்தைப் பற்றி.

ஒன்றுபோல் ஒலிக்கும் மூன்று பெயர்கள்

விண்ணப்பப் படிவங்களில் சுற்றுச்சூழல் கல்வி, சுற்றுச்சூழல் அறிவியல், சுற்றுச்சூழல் பொறியியல் என மூன்று பெயர்கள் தென்படும். ஒலிப்பில் நெருக்கமானவை என்றாலும் இவை இட்டுச் செல்லும் இடங்கள் வெவ்வேறு.

சுற்றுச்சூழல் கல்வி என்னும் பட்டம் மனிதருக்கும் இயற்கைக்கும் உள்ள உறவை முதன்மையாக ஆராய்கிறது. பொருளாதாரம், சட்டம், சமூகவியல், புவியியல் ஆகியவை இதில் பெரும்பங்கு பெறும். ஒரு தொழிற்பேட்டை ஏன் குடியிருப்புகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது, அதை இடம் மாற்றினால் வேலை இழப்பவர் யார், மாற்றாவிட்டால் நோயுறுவோர் யார் என்பன இப்படிப்பு எழுப்பும் கேள்விகள். கலைப் பிரிவு மாணவரும் இதில் சேரக்கூடிய கல்லூரிகள் உண்டு.

சுற்றுச்சூழல் அறிவியல் என்பது பி.எஸ்சி. பட்டம். வேதியியலும் உயிரியலும் இதன் இரு தூண்கள். நீரையும் காற்றையும் மண்ணையும் சோதித்து, என்ன கலந்துள்ளது, எவ்வளவு கலந்துள்ளது, அதனால் என்ன விளையும் என்று கண்டறிவதே இதன் பணி.

சுற்றுச்சூழல் பொறியியல் நான்காண்டுப் பொறியியல் பட்டம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைப்பது, புகைபோக்கியில் மாசுநீக்கும் கருவியைப் பொருத்துவது முதலியவை இதனுள் அடங்கும். இதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் பொறியியல் நுழைவுத் தேர்வும் தேவை.

மகளின் ஆர்வம் சோதனைக்கூடத்திலா, சட்டத்திலும் சமூகத்திலுமா, கருவிகளிலா என்பதை அவரோடு பேசித் தெளிந்த பிறகே விண்ணப்பத்தை நிரப்புவது நல்லது. வேதியியல் வராது என்பதற்காகச் சுற்றுச்சூழல் அறிவியலைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் முதல் ஆண்டிலேயே தடுமாறுவர். அங்கே வேதியியல் குறைவதில்லை, கூடுகிறது.

மூன்றாண்டுகளில் என்ன கற்கின்றனர்?

பாடத்தின் தன்மையை அறிய டோம்பிவிலியின் நாலா ஒன்றை நினைத்துக்கொள்வோம். அதன் நீர் நிறம் மாறியிருப்பதை யாரும் கண்ணால் காணலாம். ஆனால் கண்ணால் கண்டது சான்று ஆகாது. மாணவர் அந்த நீரை முறைப்படி சேகரித்து, குளிர்நிலையில் வைத்துச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுசெல்லக் கற்கிறார். அங்கே முதலில் காண்பது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. நீரிலுள்ள அழுகும் பொருள்களை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது நீரில் கரைந்த ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. எவ்வளவு எடுத்துக்கொள்கின்றன என்பதை 27 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் மூன்று நாள்கள் வைத்து அளக்கின்றனர். சுத்திகரித்த கழிவுநீரை ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் விடும்போது இந்த அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி.

அடுத்தது வேதி ஆக்சிஜன் தேவை. நுண்ணுயிர்களால் சிதைக்க முடியாத பொருள்களும் இதில் கணக்கில் வரும். இதற்கான பொது வரம்பு 250 மில்லிகிராம். முதல் அளவு குறைவாகவும் இரண்டாம் அளவு மிக அதிகமாகவும் இருந்தால், அது வீட்டுக் கழிவு மட்டுமன்று, இரசாயனக் கழிவும் கலந்திருக்கக்கூடும் என்று மாணவர் ஊகிக்கிறார். வெறும் நிறத்தைப் பார்த்துக் குறைகூறுவதற்கும் இரண்டு எண்களை ஒப்பிட்டுக் காரணத்தை நெருங்குவதற்கும் உள்ள வேறுபாட்டையே இப்பட்டம் கற்றுத்தருகிறது.

காற்றுக்கும் இதுபோன்ற முறைகள் உண்டு. 2.5 மைக்ரான் அளவும் அதனினும் நுண்ணியவையுமான தூசித் துகள்களை வடிகட்டியில் பிடித்து, வடிகட்டியின் எடையை முன்னும் பின்னும் ஒப்பிடுகின்றனர். 2009ஆம் ஆண்டின் தேசியத் தரவரையறைப்படி 24 மணிநேரச் சராசரி கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்குள் இருக்கவேண்டும்.

இத்தகைய அளவீடுகளைத் தொகுத்துத்தான் ஓர் ஊரின் நிலை மதிப்பிடப்படுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாட்டின் 88 தொழிற்பகுதிகளைக் காற்று, நீர், நிலம் ஆகிய மூன்றின் அடிப்படையில் மதிப்பிட்டது. 70க்கு மேல் மதிப்பெண் பெற்ற 43 பகுதிகள் கடுமையாக மாசடைந்தவை என வகைப்படுத்தப்பட்டன. இந்த மதிப்பீட்டில் மதிப்பெண் உயர்வது பெருமையன்று. டோம்பிவிலி பெற்றது 78.41.

சோதனைக்கூடத்தோடு படிப்பு முடிந்துவிடுவதில்லை. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், 1984 டிசம்பரில் போபாலில் நேர்ந்த நச்சுவாயுக் கசிவுக்குப் பின் இயற்றப்பட்ட 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றை மாணவர் கற்கிறார். ஒரு பெரிய திட்டத்துக்கு முன்னர் அதன் சுற்றுச்சூழல் தாக்கத்தை மதிப்பிடும் முறையும் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் பாடத்தில் இடம்பெறும். டோம்பிவிலி மாணவருக்கு இதற்கும் அண்மையிலேயே எடுத்துக்காட்டு உண்டு: உல்லாஸ், வால்துனி ஆறுகளின் மாசு குறித்துத் தன்னார்வ அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்தது. இவற்றுடன் சூழலியல், புள்ளியியல், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலவரைபடம் தயாரித்தல் ஆகியனவும் சேர்கின்றன.

திறக்கும் கதவுகள், திறவாக் கதவுகள்

இப்பட்டம் பெற்றவர்களுக்கு வேலை தரும் இடங்கள் பல. நீர், காற்று மாதிரிகளைச் சோதிக்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள், திட்டங்களின் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்கள், தொழிற்சாலைகளின் சுற்றுச்சூழல் மற்றும் பாதுகாப்புப் பிரிவுகள், பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், திடக்கழிவு மேலாண்மை நிறுவனங்கள் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. அண்மைக் காலத்தில் அலுவலகம் சார்ந்த பணிகளும் பெருகியுள்ளன. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் தம் நீர்ப் பயன்பாடு, எரிசக்திச் செலவு, கழிவு, பசுங்குடில் வாயு வெளியீடு முதலியவற்றை ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியிடவேண்டும் என்று செபி விதித்துள்ளது. 2022-23 நிதியாண்டு முதல் இது கட்டாயம். அவ்வறிக்கைக்கான தரவுகளைத் தொகுக்கவும் சரிபார்க்கவும் இத்துறை அறிந்தோர் தேவைப்படுகின்றனர்.

இனி, பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டிய மறுபக்கம். பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து, இத்துறைப் பணிகள் அனைத்துக்கும் இது தகுதி தரும் என்று எண்ணிவிடலாகாது.

முதலாவது, இந்திய வனப்பணி. இத்தேர்வை எழுத விலங்கியல், தாவரவியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் ஆகியவற்றுள் ஒன்றையாவது பட்டப்படிப்பில் படித்திருக்கவேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் ஆகியவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்றிருக்கவேண்டும். இப்பட்டியலில் சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயர் இல்லை. ஆகவே வனப்பணியைக் குறிக்கோளாகக் கொண்ட மாணவர், வேதியியலையோ தாவரவியலையோ உடன்பாடமாக முறைப்படி படிக்க இடமுள்ள கல்லூரியில் சேர்வது இன்றியமையாதது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவியல் படிப்பது மற்றொரு நேர்வழி.

இரண்டாவது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள். மாநில வாரியங்களில் பொறியாளர் பணிகளுக்குப் பொறியியல் பட்டமே கேட்கப்படுகிறது. தமிழ்நாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் அறிவியலாளர் பணிக்கு முதுநிலைப் பட்டம் தேவை. இளநிலைப் பட்டத்தோடு நின்றவருக்கு இவ்விரு கதவுகளும் பெரும்பாலும் திறப்பதில்லை.

மூன்றாவது, ஆசிரியர் பணி. கல்லூரியில் கற்பிக்க முதுநிலைப் பட்டமும் நெட் போன்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாகவே உள்ளது என்பது இத்துறை மாணவருக்கு நற்செய்தி.

ஐந்தாண்டு என்று கணக்கிடுவது ஏன்?

மேற்கூறியவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. மூன்றாண்டுப் பட்டம் ஆய்வக உதவியாளர், களப் பணியாளர், தரவு சேகரிப்பாளர் போன்ற தொடக்கப் பணிகளுக்குப் போதுமானது. பொறுப்பும் ஊதியமும் உயரும் பணிகளில் பலவற்றுக்கு முதுநிலைப் பட்டம் எதிர்பார்க்கப்படுகிறது. புதிய கல்விக் கொள்கையின்படி மூன்றாண்டில் 120 தகுதிப்புள்ளிகளுடன் இளநிலைப் பட்டத்தோடு வெளியேறலாம். நான்காண்டில் 160 புள்ளிகளுடன் சிறப்புப் பட்டம் பெறலாம். மூன்றாண்டு முடித்தவருக்கு முதுநிலை இரண்டாண்டு; நான்காண்டு முடித்தவருக்கு ஓராண்டு. எவ்வழியே சென்றாலும் மொத்தம் ஐந்தாண்டு என்பதைக் குடும்பம் முதலிலேயே மனத்தில் கொள்ளவேண்டும்.

முதுநிலைக்கு மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் வெகுதொலைவு தேடவேண்டியதில்லை. பவாயில் உள்ள பம்பாய் ஐ.ஐ.டி.யில் இத்துறைக்கெனத் தனிப் பிரிவு உண்டு. செம்பூரை அடுத்த தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் காலநிலை மாற்றம் குறித்த முதுநிலைப் படிப்பை வழங்கி வந்துள்ளது. சமூகம் சார்ந்த ஆர்வம் உடையோருக்கு அது பொருந்தும். 1932இல் மும்பைத் தென்னிந்தியர்களால் தொடங்கப்பெற்ற தென்னிந்தியக் கல்விச் சங்கம், நவி மும்பையின் நெருலில் சுற்றுச்சூழல் மேலாண்மைக்கென ஒரு நிறுவனத்தை நிறுவியது. சொந்த ஊர்ப்பக்கம் படிக்க விரும்புவோருக்குக் கோவை பாரதியார் பல்கலைக்கழகமும், ஆழ்வார்க்குறிச்சியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையமும், புதுவைப் பல்கலைக்கழகமும் உள்ளன. மகாராஷ்டிரத்தில் பள்ளிக்கல்வி முடித்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டின் ஒதுக்கீட்டு விதிகள் வேறுபடலாம் என்பதால், தேவையான பிறப்பிடச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றின் விதிகளை விண்ணப்பிக்கும் முன்னரே கேட்டறிவது நல்லது.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க எண்ணுவோருக்கும் வழி அடைபடவில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலை வழியே சுற்றுச்சூழல் கல்வியில் முதுநிலைப் பட்டத்தைத் தொடங்கியுள்ளது. இளநிலை முடித்து ஈராண்டு வேலை செய்தபின் இவ்வழியே முதுநிலையைத் தொடர்ந்தால் குடும்பத்தின் மேல் விழும் பாரம் பெரிதும் குறையும்.

கல்லூரியில் கேட்கவேண்டியவை

சேர்க்கைக்கு முன்னர்ப் பெற்றோரும் மாணவரும் நேரில் சென்று சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். பட்டச் சான்றிதழில் எந்தப் பாடத்தின் பெயர் அச்சாகும்? உடன்பாடமாக வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகியவற்றுள் எதனைப் படிக்க இயலும்? நீரையும் காற்றையும் சோதிக்கும் கருவிகள் கல்லூரியிலேயே உள்ளனவா, அவற்றை மாணவர் தம் கையால் இயக்குகின்றனரா? களப்பயணங்கள் எத்தனை, அவற்றின் செலவு கட்டணத்தில் அடங்குமா? தொழிற்சாலை அல்லது ஆய்வகத்தில் பயிற்சிக்காலம் உண்டா? கடந்த ஆண்டுகளில் படித்து முடித்தோருள் எத்தனை பேர் மேற்படிப்புக்கும் எத்தனை பேர் வேலைக்கும் சென்றனர்?

கருவிகள் பற்றிய கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். ஆய்வகத்தில் வேலைக்கு வருவோரிடம் முதலில் எதிர்பார்க்கப்படுவது கருவியைக் கையாளும் திறனே. கல்லூரியில் அக்கருவியைக் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்ததோடு முடிந்திருந்தால் நேர்காணலில் அது வெளிப்பட்டுவிடும்.

கடன் கணக்கு

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தையே பெரும்பாலான வங்கிகள் பின்பற்றுகின்றன. அதன்படி ரூ.4 லட்சம் வரையிலான கடனுக்கு மாணவர் தரப்பில் சொந்தப் பங்கு எதுவும் செலுத்தவேண்டியதில்லை. அதற்கு மேற்பட்டால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதமும் வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதமும் குடும்பம் ஏற்கவேண்டும். கடன் உத்தரவாத நிதியின் கீழ் வரும் ரூ.7.5 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து ஈடோ மூன்றாம் நபர் பிணையோ கேட்கப்படுவதில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையொப்பமிட்டால் போதும். கட்டணம், விடுதிச் செலவு, நூல்கள், கணினி ஆகியவற்றோடு களப்பயணம், ஆய்வுத் திட்டம் ஆகியவற்றின் செலவும் கடனில் அடங்கும். களப்பணி மிகுந்த இப்படிப்புக்கு இது பெரிதும் உதவும் என்பதால், அச்செலவுகளையும் கல்லூரியிடமிருந்து எழுத்தில் பெற்று விண்ணப்பத்தோடு இணைப்பது நல்லது.

படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை செலுத்தவேண்டியதில்லை. ஆனால் அக்காலத்திலும் தனிவட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். இதனைப் பலர் கவனிப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். இங்குக் கூறும் தொகையும் வட்டிவீதமும் விளக்கத்துக்காகக் கொண்டவையே. உண்மையான வீதத்தைக் கிளையில் அறிந்துகொள்ளலாம்.

ஆண்டுக்கு ரூ.80,000 வீதம் ஐந்தாண்டுக்கும் சேர்த்து ரூ.4 லட்சம் கடன் என்றும், வட்டி 10 சதவீதம் என்றும் கொள்வோம். முதலாண்டு பெற்ற தொகைக்கு ஆறு ஆண்டும், இரண்டாம் ஆண்டு பெற்றதற்கு ஐந்தாண்டும் என்று கணக்கிட்டால், தவணை தொடங்கும் நாளில் சேர்ந்திருக்கும் வட்டி ரூ.1,60,000. அது அசலோடு சேர்ந்து ரூ.5,60,000 ஆகும். ஏழாண்டில் திருப்பிச் செலுத்த மாதத் தவணை சுமார் ரூ.9,300.

மாறாக, படிக்கும்போதே வட்டியை மட்டும் செலுத்தி வந்தால் எவ்வாறு இருக்கும்? முதலாண்டில் மாதம் சுமார் ரூ.667, இரண்டாம் ஆண்டில் ரூ.1,333, மூன்றாம் ஆண்டில் ரூ.2,000, நான்காம் ஆண்டில் ரூ.2,667, ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் ரூ.3,333. தவணை தொடங்கும்போது பாக்கி ரூ.4 லட்சம் மட்டுமே. மாதத் தவணை சுமார் ரூ.6,640. செலுத்தும் மொத்தத் தொகையில் ஏறத்தாழ ரூ.63,000 மிச்சம். படிக்கும் காலத்திலேயே வட்டியைச் செலுத்துவோருக்கு வட்டிவீதத்தில் சலுகை தரும் வங்கிகளும் உண்டு, அதையும் கேட்டறியுங்கள்.

ரூ.9,300க்கும் ரூ.6,640க்கும் உள்ள வேறுபாட்டைத் தாங்கப்போவது, முதல் வேலையில் சேர்ந்து, காலை நேர லோக்கல் ரயிலில் தானேவுக்கோ தாதருக்கோ செல்லவிருக்கும் அந்தப் பிள்ளைதான். இத்துறையில் தொடக்க ஊதியம் தகவல் தொழில்நுட்பத் துறையைப்போல் இருக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம்; அனுபவத்தோடும் முதுநிலைத் தகுதியோடும்தான் அது உயரும். எனவே முதல் ஆண்டுகளின் தவணையை இலகுவாக்கி வைப்பது பெற்றோர் செய்யக்கூடிய பேருதவி.

முதலில் மூன்றாண்டுக்கு மட்டும் கடன் பெற்றோர், முதுநிலைக்குக் கூடுதல் கடன் தேவைப்படும் என்பதை இறுதியாண்டிலேயே கிளைக்குத் தெரிவிக்கவேண்டும். சேர்க்கைக் கடிதம் வந்தபின் ஓடிவருவதைவிட, முன்னரே பேசிவைத்தால் முதல் கடனின் தவணை தொடங்கும் நாளையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வழி பிறக்கும்.

அரசின் உதவியும் வரிச்சலுகையும்

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் உயர்ந்த கல்வி நிறுவனங்களில் இடம்பெற்றோருக்கு ஈடும் பிணையும் இன்றிக் கடன் வழங்க வகைசெய்கிறது. ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, ரூ.10 லட்சம் வரையிலான கடனில், தவணை விடுப்புக் காலத்துக்கு 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. பிள்ளை சேரும் நிறுவனம் இத்திட்டத்தின் பட்டியலில் உள்ளதா என்பதையே முதலில் பார்க்கவேண்டும். ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்கு உட்பட்டோருக்கான முழு வட்டி மானியத் திட்டம் தொழில்நுட்பப் படிப்புகளையும் தொழிற்கல்விப் படிப்புகளையும் சார்ந்தது. நீங்கள் தேர்ந்த பட்டம் அதில் அடங்குமா என்பதைக் கிளையில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 80ஈ பிரிவு, கல்விக்கடனுக்குச் செலுத்தும் வட்டி முழுவதையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடமளித்தது. அசலுக்கு இச்சலுகை இல்லை. பழைய வரிமுறையைத் தேர்ந்தோருக்கே இது பொருந்தும். வட்டி செலுத்தத் தொடங்கிய ஆண்டிலிருந்து எட்டு ஆண்டுகளுக்கு மட்டுமே சலுகை என்பதையும் கருதவேண்டும். படிக்கும்போதே வட்டி செலுத்தத் தொடங்கினால் அந்த எட்டு ஆண்டும் அப்போதே எண்ணப்படத் தொடங்கிவிடும். வரி செலுத்தும் வருமானம் பெற்றோருக்கு இப்போது உள்ளதா, பின்னாளில் பிள்ளைக்கு வருமா என்பதைப் பொறுத்து எது நன்மை என்று முடிவு செய்யலாம். சலுகையைப் பெற விரும்பும் பெற்றோரின் பெயர் கடன் ஒப்பந்தத்தில் கடனாளியாக இடம்பெற்றிருப்பதும், வட்டி அவரது வருமானத்திலிருந்து செலுத்தப்படுவதும் தேவை. தாக்கல் செய்யும் ஆண்டின் விதிகளைக் கணக்காயரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வதும் நன்று.

முடிவாக

டோம்பிவிலி மக்களிடம் மாசு பற்றிய முறையீடுகளுக்குக் குறைவில்லை. நாலாவின் நீர் ஏன் நிறம் மாறியது, எந்த ஆலையின் எந்தக் குழாயிலிருந்து வந்தது, அதை நிறுத்த எந்தச் சட்டத்தின் கீழ் யாரை அணுகவேண்டும் என்று எண்களோடு எடுத்துரைப்போர் அவ்வூரிலிருந்தே உருவாகவேண்டும். அந்த ஆலைகளுக்கு உள்ளேயும் அப்படிப்பட்டவர்கள் வேண்டும். ஆலையின் பாதுகாப்புப் பிரிவில் விழிப்போடு ஒருவர் இருப்பது சுற்றியுள்ள தெருக்களுக்கெல்லாம் காவல்.

ஆகவே உங்கள் மகனோ மகளோ இப்படிப்பை விரும்பினால் ஊக்கப்படுத்துங்கள். மூன்று பெயர்களுள் எது என்பதைத் தெளியுங்கள். கல்லூரியின் சோதனைக்கூடத்தை நேரில் பாருங்கள். ஐந்தாண்டுக்கும் சேர்த்துக் கணக்கெழுதுங்கள். இயன்றால் முதல் மாதம் முதலே அந்த ரூ.667ஐச் செலுத்தத் தொடங்குங்கள். சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று ஆகியவற்றோடு அருகிலுள்ள கிளைக்கு வாருங்கள். மற்றவற்றை உடனமர்ந்து பேசி முடிவு செய்வோம்.